பலவகை யூனிக்ஸ் சர்வர்களுக்கு டேப் பேக்கப்: மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

லினக்ஸ், சொலாரிஸ், ஏஐஎக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி என்று யூனிக்ஸ் வகை ஓஎஸ்கள் எல்லாம் ஒரே ரேக்கில் ஓடுகிற சர்வர் அறைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. பழைய கணக்கு மென்பொருள் ஒன்று சொலாரிஸை விட்டு நகராது. டேட்டாபேஸ் ஏஐஎக்ஸில் உட்கார்ந்திருக்கும். மற்றதெல்லாம் லினக்ஸுக்கு வந்திருக்கும். இவை அனைத்தையும் ஒரே டேப் லைப்ரரியில் (பல டேப்புகளை அடுக்கி, தானே மாற்றி ஏற்றும் பெட்டியில்) பேக்கப் எடுக்க ஒரு மென்பொருள் வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பெரும்பாலும் வசதிகளின் ஒப்பீட்டு அட்டவணையை வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். அதை ஒதுக்கி வைத்துவிட்டு மீட்பிலிருந்து ஆரம்பியுங்கள். எந்தச் சர்வர் செத்தால், எந்த மெஷினில், எத்தனை மணி நேரத்துக்குள் அதைத் திரும்ப எழுப்ப வேண்டும்? அந்த நேரத்தில் கையில் டேப் மட்டும்தான் இருக்கிறது, பேக்கப் சர்வரும் போய்விட்டது என்றால் என்ன செய்வீர்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்கிற மென்பொருள்தான் உங்களுக்கானது.

கணக்குக்கு வசதியாக ஒரு மாதிரி நெட்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 14 சர்வர்கள்: லினக்ஸ் 8, ஸ்பார்க் வகை சிபியு உள்ள மெஷினில் சொலாரிஸ் 10 இரண்டு, ஏஐஎக்ஸ் 7.2 இரண்டு, ஃப்ரீபிஎஸ்டி இரண்டு. எல்லாம் சேர்த்து 9 டெராபைட் டேட்டா. 24 ஸ்லாட் லைப்ரரி, அதில் அரை உயர எல்டிஓ-8 டிரைவ் ஒன்று (எல்டிஓ என்பது டேப் வகை, 8 அதன் தலைமுறை).

படி 1: பட்டியல் போடுங்கள்

சர்வருக்கு ஒரு வரி. ஓஎஸ்ஸும் அதன் துல்லியமான பதிப்பும், சிபியு வகை, ஃபைல் சிஸ்டம், டேட்டா அளவு, கோப்புகளின் எண்ணிக்கை, ஓடுகிற டேட்டாபேஸ், நெட்வொர்க் கார்டின் வேகம் எல்லாம் அந்த வரியில் வர வேண்டும். இதில் பலரும் விட்டுவிடுவது கோப்புகளின் எண்ணிக்கை. ஒரு டெராபைட் டேட்டா பத்துப் பெரிய கோப்புகளாக இருந்தால் டிஸ்க் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் வரும். அதே ஒரு டெராபைட் ஒரு கோடி மெயில் கோப்புகளாகச் சிதறிக் கிடந்தால் வினாடிக்கு 20, 30 மெகாபைட் வருவதே கஷ்டம். லினக்ஸில் 'டிஎஃப் -ஐ' கொடுத்தால் எத்தனை ஐநோடு (கோப்புக்கு ஒன்றாக ஃபைல் சிஸ்டம் வைக்கும் பதிவு) செலவாகியிருக்கிறது என்று தெரியும். அதுவே கிட்டத்தட்ட கோப்புகளின் எண்ணிக்கை.

அடுத்து, ஏசிஎல், அதாவது யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்ற அனுமதிப் பட்டியல், எங்கெல்லாம் பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். லினக்ஸில் போசிக்ஸ் வகை ஏசிஎல். இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் மேல் என்எஃப்எஸ்வி4 வகை. ஏஐஎக்ஸில் அதற்கே உரிய ஏஐஎக்ஸ்சி வகையும் உண்டு. கோப்புகளை ஒன்றாகக் கட்டும் ஜினு டார் கருவி 1.27 பதிப்பிலிருந்து போசிக்ஸ் ஏசிஎல்லை எடுக்கும், அதையும் ஆப்ஷன் கொடுத்தால்தான் எடுக்கும். என்எஃப்எஸ்வி4 வகையை எடுக்காது. மீட்ட பிறகு கோப்புகள் எல்லாம் இருக்கும், ஆனால் யாருக்கும் திறக்காது, அல்லது எல்லோருக்கும் திறக்கும். இரண்டுமே ஆபத்து.

பட்டியல் முடிந்ததும் அதிலுள்ள மிகப் பழைய ஓஎஸ்ஸுக்கு வட்டம் போடுங்கள். தேர்வைத் தீர்மானிக்கப் போவது அதுதான். லினக்ஸுக்கு கிளையன்ட் தராத பேக்கப் மென்பொருள் கிடையாது. ஸ்பார்க் சொலாரிஸ் 10-க்கு இன்றைய பதிப்பில் கிளையன்ட் உண்டா என்பதுதான் கேள்வி. விற்பனையாளரின் விளம்பரத் தாளில் 'யூனிக்ஸ்' என்று ஒரே சொல்லில் போட்டிருப்பார்கள். அதை நம்பாமல், நீங்கள் வாங்கப்போகிற பதிப்புக்கான ஆதரவுப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஓஎஸ் பதிப்பையும் சிபியு வகையையும் வரிவரியாக ஒத்துப் பாருங்கள். ஹெச்பி-யூஎக்ஸ் என்ற யூனிக்ஸ் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 11ஐ வி3-க்கான வழக்கமான ஆதரவு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. பேக்கப் நிறுவனங்களும் அந்த கிளையன்டை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன.

படி 2: வேகக் கணக்கு

டேப் டிரைவுக்குப் பசி அதிகம். அரை உயர எல்டிஓ-8 டிரைவ் வினாடிக்கு 300 மெகாபைட் விழுங்கும், முழு உயர டிரைவ் 360. ஒரு கிகாபிட் நெட்வொர்க் தருவது நடைமுறையில் 110 மெகாபைட்தான். நம் 9 டெராபைட்டை ஒரு கிகாபிட் வழியாக இழுத்தால் 22 மணி 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். 300 மெகாபைட் வேகத்தில் இழுத்தால் 8 மணி 20 நிமிடம். அதனால் பேக்கப் சர்வருக்கு 10 கிகாபிட் கார்டு கட்டாயம். கிளையன்ட்கள் ஒரு கிகாபிட்டில் இருந்தாலும் மூன்று நான்கு பேரிடமிருந்து ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

டேட்டா மெதுவாக வந்தால் நேரம் மட்டும் வீணாவதில்லை, டிரைவும் டேப்பும் தேய்கின்றன. வரத்து குறையும்போது எல்டிஓ டிரைவ் ஓரளவு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கும். அதற்கும் கீழே போனால் டேப்பை நிறுத்தி, கொஞ்சம் பின்னே ஓட்டி, பஃபர் நிறைந்ததும் மறுபடி முன்னே ஓட்டி எழுதும். இதை ஷூ-ஷைனிங் என்பார்கள். டிரைவின் பக்கத்தில் நின்றால் காதால் கேட்கலாம்: சீரான ஒரே இரைச்சலுக்குப் பதிலாக, ஓடும், நிற்கும், பின்வாங்கும், மறுபடி ஓடும். இரவு முழுக்க அப்படிக் கேட்டால் அந்த ஹெட்டும் கேட்ரிட்ஜும் நீண்ட நாள் தாங்காது.

ஆகவே மென்பொருளில் முதலில் தேட வேண்டிய வசதி, டேப்புக்கு முன்னால் டிஸ்க்கில் தேக்கிவைக்கும் வசதி. படி 4-ல் பார்க்கப்போகும் பாக்குலா, பாரியோஸ் மென்பொருள்களில் இதற்கு டேட்டா ஸ்பூலிங் என்று பெயர். அமாண்டா என்ற மென்பொருளில் ஹோல்டிங் டிஸ்க். மெதுவான கிளையன்ட்கள் டிஸ்க்கில் கொட்டும். டிஸ்க் நிறைந்ததும் முழு வேகத்தில் டேப்புக்குப் போகும். இந்த டிஸ்க் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் படும் என்பதால் சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்றே ஒன்று போதாது. எழுதித் தேய்ப்பதைத் தாங்கும் தரமுள்ள எஸ்எஸ்டி போடுங்கள். நம் மாதிரிக்கு 1 முதல் 2 டெராபைட் போதும்.

இன்னொரு வழி மல்டிபிளெக்ஸிங், அதாவது பல கிளையன்ட்களின் டேட்டாவைத் துண்டுதுண்டாகக் கலந்து ஒரே டேப்பில் எழுதுவது. எழுதும்போது வேகம் கிடைக்கும். மீட்கும்போது ஒரு சர்வரின் டேட்டாவுக்காக மற்றவர்களின் துண்டுகளையெல்லாம் தாண்டித் தாண்டிப் படிக்க வேண்டும். ஸ்பூல் டிஸ்க் வாங்க வழியிருக்கும்போது மல்டிபிளெக்ஸிங் வேண்டாம்.

படி 3: கருவி பற்றி நாலு வார்த்தை

எல்டிஓ-8 கேட்ரிட்ஜில் அமுக்காத கொள்ளளவு 12 டெராபைட். அட்டையில் 30 என்று பெரிதாகப் போட்டிருப்பது 2.5 மடங்கு கம்ப்ரஷன் கிடைக்கும் என்ற கணக்கில். ஏற்கெனவே அமுக்கிய படம், வீடியோ, ஜிசிப் கோப்புகள்தான் உங்களிடம் அதிகம் என்றால் 12-ஐ வைத்தே திட்டமிடுங்கள்.

எல்டிஓ-7 வரை ஒரு டிரைவ் இரண்டு தலைமுறை பின்னே உள்ள டேப்பைப் படிக்கும் என்பது விதி. எல்டிஓ-8 அதை உடைத்துவிட்டது: அது எல்டிஓ-7-ஐ மட்டுமே படிக்கும், எல்டிஓ-6-ஐத் தொடாது. அலமாரியில் எல்டிஓ-6 டேப்புகள் இருந்தால் பழைய டிரைவைத் தூக்கி எறியாதீர்கள். எல்டிஓ-9 வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. புதிய கேட்ரிட்ஜை முதல்முறை போடும்போது டிரைவ் அதை அளந்து பழக்கப்படுத்தும். அதற்குச் சராசரியாக 40 நிமிடம், சில சமயம் 2 மணி நேரம் வரை பிடிக்கும். மென்பொருளின் காத்திருப்பு நேரம் அதைவிடக் குறைவாக இருந்தால் நல்ல டேப்பையே 'பழுது' என்று குறித்துவிடும்.

டிரைவை ரெய்டு கார்டில் சொருகாதீர்கள். பல ரெய்டு கார்டுகள் டேப்பை ஓஎஸ்ஸுக்குக் காட்டவே காட்டாது. டிரைவை மெஷினோடு நேராக இணைக்கும் தனி எஸ்ஏஎஸ் ஹெச்பிஏ கார்டு வாங்குங்கள். லினக்ஸில் 'எல்எஸ்எஸ்கசி -ஜி' கொடுத்தால் டிரைவ் ஒரு வரியாகவும், கேட்ரிட்ஜை மாற்றும் ரோபோ இன்னொரு வரியாகவும் தெரிய வேண்டும். ரோபோவின் வரி வரவில்லை என்றால் அதைச் சரிசெய்யும் வரை மென்பொருளை நிறுவ வேண்டாம். 'எம்டிஎக்ஸ்' கட்டளையில் ஸ்லாட் நிலவரம் கேட்டு, ஒரு டேப்பைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

ரீவைண்ட் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லினக்ஸில் ஒரே டிரைவுக்கு எஸ்டி0, என்எஸ்டி0 என்று இரண்டு பெயர் இருக்கும். எஸ்டி0-வில் எழுதி முடித்ததும் டேப் தானாக ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொள்ளும். அதில் முதல் சர்வரின் டார் எழுதி, அடுத்து இரண்டாவது சர்வரின் டார் எழுதினால், இரண்டாவது முதலாவதன் மேலேயே விழும். பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டு வேலையும் வெற்றி என்றே பதிவாகும். பேக்கப்புக்கு எப்போதும் சுற்றாத பெயரையே கொடுங்கள்: லினக்ஸில் என்எஸ்டி0, ஃப்ரீபிஎஸ்டியில் என்எஸ்ஏ0, ஏஐஎக்ஸில் ஆர்எம்டி0.1, சொலாரிஸில் கடைசியில் 'என்' சேர்ந்த பெயர்.

படி 4: யார் யார் களத்தில்

ரெஸ்டிக், போர்க் போன்றவை அருமையான பேக்கப் கருவிகள். ஆனால் டேப்பில் நேரடியாக எழுதத் தெரியாதவை. அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

அமாண்டா 1990-களின் தொடக்கத்தில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்தது. தனக்கென்று ஒரு டேப் வடிவம் வைத்துக்கொள்ளாமல், ஜினு டார் அல்லது அந்தந்த ஓஎஸ்ஸின் டம்ப் கருவி கொடுப்பதை அப்படியே டேப்பில் எழுதும். அதன் பெரிய பலம் இதுதான். டேப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 32 கிலோபைட் தலைப்பு ஒன்று இருக்கும். அந்தத் தலைப்பை மட்டும் 'டிடி' கட்டளை மூலம் படித்துத் திரையில் போட்டால், தேதி, சர்வர் பெயர், டைரக்டரி, எந்த நிலை பேக்கப் என்பதெல்லாம் சாதாரண எழுத்தில் வரும். அதற்குக் கீழே, இதை மீட்க என்ன கட்டளை கொடுக்க வேண்டும் என்பதும் எழுதியிருக்கும்: 32 கிலோபைட் பிளாக் அளவில் முதல் பிளாக்கைத் தாண்டிப் படி, ஜிசிப்பால் விரி, டாரிடம் கொடு. அமாண்டாவே இல்லாத மெஷினில், பத்து வருடம் கழித்து, அமாண்டாவின் பெயரைக்கூடக் கேட்டிராத ஒருவர் அந்த டேப்பை மீட்டுவிடலாம். முழு பேக்கப்பை எந்தச் சர்வருக்கு எந்த இரவில் எடுப்பது என்பதையும் அதுவே பிரித்துக்கொள்ளும். தினசரி சுமை ஏறக்குறைய சமமாக இருக்கும். குறை என்னவென்றால், 'ஞாயிறுதான் எனக்கு முழு பேக்கப் வேண்டும்' என்று அடம்பிடித்தால் அதன் இயல்புக்கு எதிராகப் போராட வேண்டியிருக்கும். மாறியதை மட்டும் எடுக்கும் ஜினு டாரின் இன்கிரிமென்டல் முறையில் ஒரு பொறியும் உண்டு: ஃபைல் சிஸ்டத்தின் டிவைஸ் எண் ரீபூட்டில் மாறிவிட்டால் எல்லாக் கோப்பும் புதிது என்று நினைத்து மறுபடி முழுசாக எடுக்கும். டிவைஸ் எண்ணைப் பார்க்காதே என்ற ஆப்ஷனைப் போட்டுவிடுங்கள்.

பாக்குலாவை 2000-ல் கெர்ன் சிபால்ட் எழுதத் தொடங்கினார். அதிலிருந்து 2010-ல் பிரிந்து வளர்ந்தது பாரியோஸ். இரண்டும் திறமூல மென்பொருள், அமைப்பும் ஒன்றே. டைரக்டர் என்பது மூளை. டீமன் என்றால் பின்னணியில் ஓடும் நிரல்; ஸ்டோரேஜ் டீமன் டேப்பைக் கையாளும். ஃபைல் டீமன் ஒவ்வொரு கிளையன்டிலும் ஓடும். எந்தக் கோப்பு எந்த டேப்பில் என்ற விவரம் கேட்டலாக் எனும் டேட்டாபேஸில் இருக்கும். கோப்புக்குச் சுமார் 150 பைட் என்று கணக்கு வைத்தால் பத்துக் கோடிக் கோப்புப் பதிவுகளுக்கு 15 கிகாபைட் வரும். இன்டெக்ஸுக்குத் தனியாக இடம் விடுங்கள். கேட்டலாக்குக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் போடுங்கள். பாரியோஸின் புதிய பதிப்புகள் அதை மட்டுமே ஏற்கின்றன. இவற்றின் டேப் வடிவம் தனி வடிவம், டாரால் படிக்க முடியாது. ஆனால் கேட்டலாக் போனாலும் டேப்பைப் பார்க்க 'பிஎல்எஸ்', கோப்புகளை உருவியெடுக்க 'பிஎக்ஸ்ட்ராக்ட்', கேட்டலாக்கையே மறுபடி கட்ட 'பிஸ்கேன்' என்று மூன்று கருவிகள் கூடவே வருகின்றன.

பழைய யூனிக்ஸுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. டைரக்டரும் ஸ்டோரேஜ் டீமனும்தான் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஃபைல் டீமன் பழையதாக இருக்கலாம். சொலாரிஸ் 10-ல் பழைய ஃபைல் டீமனை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து ஓட்டிக்கொண்டு, பேக்கப் சர்வரைப் புதிய பதிப்பில் வைத்துக்கொள்ளலாம். இடறும் இடம் குறியாக்கம் (என்கிரிப்ஷன்). இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.2 பதிப்பு, ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.0.1-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய நூலகத்தோடு கட்டிய கிளையன்ட், டிஎல்எஸ் கேட்கிற புதிய டைரக்டரோடு கைகுலுக்காது. அந்த ஒரு கிளையன்டுக்கு மட்டும் டிஎல்எஸ்ஸைத் தளர்த்தி, அதைத் தனி விஎல்ஏனில் (நெட்வொர்க்கில் பிரித்து வைத்த பகுதியில்) அடைத்துவிடுங்கள்.

வணிக மென்பொருள்களில் யூனிக்ஸ் பாரம்பரியம் ஆழமாக உள்ளவை நெட்பேக்கப், நெட்வொர்க்கர், ஐபிஎம் ஸ்டோரேஜ் புரொடெக்ட் ஆகியவை. கடைசியாகச் சொன்னதை முன்பு டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர் என்றார்கள்; டிஎஸ்எம் என்ற பெயர்தான் இன்னும் பலர் வாயில் வரும். முதல்முறை மட்டும் முழு பேக்கப், அதன்பின் என்றென்றும் மாற்றங்கள் மட்டும் என்பது அதன் தனி வழி. இரவுச் சுமை வெகுவாகக் குறையும். ஆனால் ஒரு சர்வரின் கோப்புகள் நாளடைவில் முப்பது டேப்பில் சிதறிவிடும். முழுசாக மீட்க முப்பதையும் மாற்றி மாற்றி ஏற்ற வேண்டும். இதைத் தவிர்க்க கொலொகேஷன் என்ற அமைப்பை இயக்கி, ஒரு சர்வரின் டேட்டாவை ஒரே தொகுதி டேப்பில் சேர்த்து வைக்கச் சொல்ல வேண்டும். செல்லாத டேட்டா சேர்ந்த டேப்புகளை அது அவ்வப்போது வேறு டேப்புக்கு மாற்றி எழுதிக் காலி செய்யும். டேப்பிலிருந்து டேப்புக்கு எழுத இரண்டு டிரைவ் வேண்டும் என்பதை வாங்கும் முன்பே கணக்கில் சேருங்கள்.

முடிவாக எங்கள் கருத்து இது. பெரும்பாலும் லினக்ஸ், நடுவே சில பழைய யூனிக்ஸ், கம்பைல் செய்யத் தயங்காத ஒரு நிர்வாகி என்றால் பாரியோஸ் அல்லது பாக்குலா. ஆள் குறைவு, பத்து வருடம் கழித்தும் டேப் படிக்கப்பட வேண்டும் என்பதுதான் முதல் கவலை என்றால் அமாண்டா. ஏஐஎக்ஸில் ஓடும் ஆரக்கிள் அல்லது டிபி2 டேட்டாபேஸ்தான் நிறுவனத்தின் உயிர்நாடி, நள்ளிரவில் போன் எடுக்க ஒருவர் வேண்டும் என்றால் பணம் கொடுத்து வணிக மென்பொருளே வாங்குங்கள். அங்கே டெராபைட் கணக்கில் லைசன்ஸ் என்றால் இன்றைய 9 டெராபைட்டுக்கு மட்டுமல்லாமல் மூன்று வருட வளர்ச்சிக்கும் சேர்த்து எழுத்தில் விலை வாங்குங்கள். நம் மாதிரி நெட்வொர்க்குக்கு பாரியோஸை வைத்து மேலே போகலாம்.

படி 5: இரண்டு வாரச் சோதனை

எல்லாச் சர்வரிலும் ஒரே நாளில் நிறுவாதீர்கள். ஒரு லினக்ஸ், ஒரு சொலாரிஸ், ஒரு ஏஐஎக்ஸ் போதும்.

முதல் நாள் டேப்பை மட்டும் சோதியுங்கள். பாரியோஸோடு வரும் 'பிடேப்' கருவியில் டெஸ்ட் கட்டளை எழுதி, சுற்றி, படித்து, கோப்புக் குறிகளைத் தாண்டிப் பார்க்கும். அது தேறினால் ஃபில் கட்டளை ஒரு டேப்பை முழுசாக நிரப்பி அடுத்த டேப்புக்குத் தாவிப் பார்க்கும். இதற்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், ஆகட்டும். டேப்பின் கடைசியில் நடக்கும் தவறுகள் வேறெந்தச் சோதனையிலும் வெளியே வராது. பிளாக் அளவை (டேப்பில் ஒரே தடவையில் எழுதும் துண்டின் அளவை) மாற்றுவதாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள். இதே மென்பொருளில் வேறு பிளாக் அளவில் ஏற்கெனவே எழுதிய டேப்புகள் பிறகு படிக்க மறுக்கலாம்.

அடுத்து நெட்வொர்க். டைரக்டர் 9101, ஃபைல் டீமன் 9102, ஸ்டோரேஜ் டீமன் 9103 என்பவை வழக்கமான போர்ட்கள். டேட்டா கிளையன்டிலிருந்து நேராக ஸ்டோரேஜ் டீமனுக்குப் போகும். டைரக்டர் வழியாகப் போவதில்லை. புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் பிழை, டைரக்டரின் கான்ஃபிகில் ஸ்டோரேஜ் முகவரியாக 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதுவது. அந்த முகவரியை டைரக்டர் அப்படியே கிளையன்டுக்குச் சொல்லும். கிளையன்ட் தன்னிடமே 9103-ஐத் தேடி, கிடைக்காமல் காத்துக் கிடக்கும். பேக்கப் சர்வரை மட்டும் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். எல்லா கிளையன்டாலும் அறிய முடிகிற முழுப் பெயரை எழுதுங்கள். நடுவில் ஃபயர்வால் இருந்தால், நீண்ட வேலையின்போது பேச்சில்லாமல் இருக்கும் டைரக்டர் இணைப்பை அது வெட்டிவிடும்; மணிக்கணக்கில் ஓடிய பேக்கப் கடைசி நிமிடத்தில் தோல்வி என்று முடியும். இணைப்பு உயிரோடு இருப்பதாக அவ்வப்போது சொல்லும் ஹார்ட்பீட்டின் இடைவெளியை 60 வினாடி என்று வையுங்கள்.

பிறகு எதை எடுக்க வேண்டும் என்ற பட்டியல். ரூட் டைரக்டரியை மட்டும் கொடுத்துவிட்டு எல்லாம் வந்துவிடும் என்று இருக்காதீர்கள். ஒரு ஃபைல் சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவக் கூடாது என்பதே இயல்பான அமைப்பு. 'ஹோம்', 'வார்' டைரக்டரிகள் தனி மவுண்டாக (தனி ஃபைல் சிஸ்டமாக இணைத்தவையாக) இருந்தால் அவை சத்தமில்லாமல் விடுபடும். ஒவ்வொரு மவுண்டையும் பெயர் சொல்லிச் சேருங்கள். ஏசிஎல், எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் இரண்டையும் 'ஆம்' என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். இடையில் வெற்றிடமுள்ள ஸ்பார்ஸ் கோப்புகளுக்கான ஆப்ஷனும் தேவை. லினக்ஸில் பெரிய யூசர் எண்கள் இருந்தால் 'லாஸ்ட்லாக்' கோப்பு பார்வைக்கு நூற்றுக்கணக்கான கிகாபைட்டாகத் தெரியும், டிஸ்க்கில் பிடிப்பது சில கிலோபைட்தான். ஆப்ஷன் இல்லையென்றால் அந்த வெற்றிடம் முழுக்க நெட்வொர்க்கில் பயணம் செய்யும்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் அது பேக்கப் ஆகாது. போஸ்ட்கிரெஸுக்கு 'பிஜி டம்ப்' அல்லது 'பிஜி பேஸ்பேக்கப்', ஆரக்கிளுக்கு ஆர்மேன். முதலில் அதை டிஸ்க்கில் எடுக்க வைத்து, பின் டேப்புக்கு அனுப்புங்கள். இசட்எஃப்எஸ் உள்ள இடங்களில் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் உறைந்த நகல்) எடுத்து அதற்குள்ளிருந்து கோப்புகளை எடுங்கள். 'இசட்எஃப்எஸ் சென்ட்' ஓட்டத்தை நேராக டேப்பில் கொட்டுவது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நடுவில் ஓரிடத்தில் பிழை வந்தால் முழு ஓட்டத்தையும் ஏற்க மறுத்துவிடும். அதிலிருந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுக்கவும் முடியாது.

குறியாக்கத்தை கிளையன்டில் செய்தால் டிரைவின் கம்ப்ரஷனுக்கு வேலையே இருக்காது, குறியாக்கிய டேட்டா அமுங்காது. எல்டிஓ-4 முதல் டிரைவிலேயே ஏஇஎஸ்-256 இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் அமுக்கிய பிறகு குறியாக்கும். சாவியை டேப்போடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். பேக்கப் சர்வரில் மட்டும் வைத்திருப்பதும் கூடாது.

படி 6: டேப் எத்தனை, எவ்வளவு நாள்

வாரம் ஒரு முழு பேக்கப் 9 டெராபைட். தினமும் 250 கிகாபைட் மாறுகிறது என்று கொண்டால் ஆறு நாளுக்கு 1.5 டெராபைட். இரண்டும் ஒரே 12 டெராபைட் டேப்பில் கொள்ளும்தான். ஆனாலும் பிரித்து வையுங்கள். முழு பேக்கப் டேப் திங்கள் காலையில் வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும். ஐந்து வாரச் சுழற்சிக்கு முழு பேக்கப் 5, தினசரி 5, மாதக் கடைசி டேப் வருடத்துக்கு 12. ஆக 22. கைவசம் 3, கிளீனிங் கேட்ரிட்ஜ் 1. லேபிளில் ஆறு எழுத்தும் கடைசியில் தலைமுறையைக் குறிக்கும் 'எல்8'-உம் வர வேண்டும். பார்கோடு இருந்தால் லைப்ரரியே எல்லாவற்றையும் படித்து ஒரே கட்டளையில் பதிந்துகொள்ளும். கிளீனிங் கேட்ரிட்ஜை டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள், அடிக்கடி போட்டால் ஹெட் தேயும்.

ரிட்டென்ஷன் காலங்களை, அதாவது எதை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதை, இயல்பு நிலையில் விடாதீர்கள். பாக்குலாவின் இயல்பில் கோப்பு விவரம் 60 நாள், வேலை விவரம் 180 நாள், டேப் 365 நாள். அதாவது மூன்றாவது மாதத்தில் ஒருவர் ஒற்றைக் கோப்பைக் கேட்டால், டேப்பில் டேட்டா இருக்கும், கேட்டலாக்கில் கோப்பின் பெயர் இருக்காது. டேப் எவ்வளவு நாளோ கோப்பு விவரமும் அவ்வளவு நாள் என்று வைத்துக்கொண்டு, டிஸ்க்கைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

வேறிடத்திலிருந்து வந்த டேப்பை வந்த உடனே டிரைவில் போடக் கூடாது. வெயிலில் வண்டியில் வந்த கேட்ரிட்ஜை ஏசி அறையில் ஒரு நாள் வைத்திருந்து ஏற்றுங்கள். அலமாரியில் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.

படி 7: வாங்கும் முன் மீட்டுப் பாருங்கள்

சோதனை மென்பொருளோடு மூன்று மீட்புகள் செய்யுங்கள். முதலாவது எளிது: இரண்டு வாரத்துக்கு முந்தைய ஒரு கோப்பைக் கேட்டலாக் வழியாக எடுப்பது. இரண்டாவது, சொலாரிஸின் ஒரு டைரக்டரியை லினக்ஸில் மீட்பது. யூசர் எண்கள் இரண்டிலும் வேறாக இருந்தால் கோப்புகள் சம்பந்தமில்லாதவர் பெயரில் வந்து நிற்கும்; அதை மீட்பு நாளில் கண்டுபிடிக்காமல் இப்போதே பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பேக்கப் சர்வரை அணைத்துவிடுங்கள். வேறொரு மெஷினில் டிரைவை மாட்டி, வெறும் ஓஎஸ்ஸிலிருந்து தொடங்கி, கேட்டலாக்கை டேப்பிலிருந்து மீட்டு, அதன்பின் ஒரு சர்வரை மீட்டெடுங்கள். பாரியோஸிலும் பாக்குலாவிலும் ஒவ்வொரு வேலைக்கும் பூட்ஸ்ட்ராப் கோப்பு ஒன்றை எழுதச் சொல்லலாம். எந்த டேப்பில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்பது சில வரிகளில் அதில் இருக்கும். கேட்டலாக் பேக்கப்பின் பூட்ஸ்ட்ராப்பைத் தினமும் மெயிலில் வெளியே அனுப்பிவிடுங்கள். அது இருந்தால் கேட்டலாக் சில நிமிடத்தில் வரும். இல்லையென்றால் 'பிஸ்கேன்' ஒவ்வொரு டேப்பையும் தலை முதல் வால் வரை படிக்க வேண்டும்: நிறைந்த எல்டிஓ-8 ஒன்றுக்கு 11 மணி நேரம்.

இந்த மென்பொருள்கள் கோப்புகளைத் திருப்பித் தரும், மெஷினை பூட் செய்து தராது. அதற்கு அந்தந்த ஓஎஸ்ஸின் கருவியே சரி. ஏஐஎக்ஸில் 'எம்கேசிஸ்பி', ஹெச்பி-யூஎக்ஸில் இக்னைட், சொலாரிஸ் 10-ல் ஃபிளாஷ் ஆர்க்கைவ், லினக்ஸில் ரீயர். ரீயர் பாரியோஸோடும் பாக்குலாவோடும் சேர்ந்து வேலை செய்யும். மாதம் ஒருமுறை இந்தக் கருவிகளால் மெஷினின் பூட் இமேஜ்களை எடுத்து, அவற்றையும் வழக்கமான பேக்கப்பில் சேருங்கள்.

மூன்றாவது மீட்புக்கு எடுத்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்து, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு எதிரே எழுதுங்கள். நிர்வாகம் 8 மணி நேரம் கேட்டு, உங்களுக்கு 20 மணி நேரம் ஆகியிருந்தால், ஆர்டர் போடும் முன் இரண்டாவது டிரைவுக்கோ டிஸ்க்கில் இன்னொரு நகலுக்கோ பணம் கேளுங்கள். மீட்பின்போது கொடுத்த கட்டளைகளை வரிசையாக அச்செடுத்து, மென்பொருளின் நிறுவல் கோப்புகள், கான்ஃபிக் நகல், பழைய சொலாரிஸுக்காகக் கம்பைல் செய்த கிளையன்ட் ஆகியவற்றை ஒரு பென் டிரைவில் போட்டு, இரண்டையும் ஒரு உறையில் இட்டு, முதல் மாத டேப்போடு வெளியிடத்துக்கு அனுப்புங்கள். பதிப்பு மாறும்போதெல்லாம் அந்த உறையும் மாற வேண்டும்.